நாற்பது பெட்டி அமெரிக்கச் சரக்கு ரயில்: கண்காட்சியில் எங்கெல்லாம் காலை வாரும்?

ஹெச்ஓ அளவு மாடல் ரயிலில், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கில் (1:87), நாலு பெட்டி கோத்து ஓட்டினால் எந்தக் கோளாறும் தெரியாது. நாற்பது கோத்தால்தான் வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறும். பெரும்பாலும் காரணம் எடை. அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ-வின் பரிந்துரை இதுதான்: அடிப்படையாக 1 அவுன்ஸ், அதற்குமேல் பெட்டியின் நீளத்தில் ஓர் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். 40 அடி பாக்ஸ்கார் (மூடிய சரக்குப் பெட்டி) மாடலில் 5.5 அங்குலம் வரும். ஆக 3.75 அவுன்ஸ், 106 கிராம். எடைக் கட்டியைத் தரையோடு ஒட்டுங்கள். மேலே வைத்தால் வளைவில் ஆடும்.

காலி ஃப்ளாட்காருக்கு, அதாவது சுவரும் கூரையும் இல்லாத தட்டைப் பெட்டிக்கு, எடையை ஒளித்துவைக்க இடமே கிடையாது. அதை எஞ்சினுக்கு அடுத்து மாட்டினால், பின்னால் இழுபடும் 4 கிலோவும் சேர்ந்து வளைவின் உட்பக்கமாக அதைச் சாய்த்துவிடும். வாலில் மாட்டுங்கள்.

* * *

எடை சரியாக இருந்தும் ரயில் நடுவில் அறுந்தால், பெட்டிகளைக் கோக்கும் கொக்கியான கப்ளரைப் பாருங்கள். கேடி நிறுவனத்தின் 205 எண் கப்ளர் உயர அளவியைத் தண்டவாளத்தில் வைத்து ஒவ்வொரு பெட்டியையும் இரண்டு முனையிலும் ஒட்டிப் பார்க்க வேண்டும், ஒரு முனை போதாது. கப்ளர் தாழ்ந்திருந்தால் போகிக்கும் (அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) பெட்டிக்கும் நடுவே மெல்லிய ஃபைபர் வாஷர் ஒன்று. பெட்டியே தூக்கிக்கொள்ளும். கப்ளர் தலை மட்டும் தொங்கினால் வாஷர் உதவாது, கப்ளர் பொருந்தியிருக்கும் சிறு கூட்டுக்குள் தகட்டுத்துண்டு வைக்க வேண்டும்.

கப்ளர் இறுக்கமாக அசைந்தால் கிராஃபைட் தூள். எண்ணெய் மட்டும் வேண்டாம், தூசியைப் பிடித்துக் களிம்பாகிவிடும்.

போகி திருகில் ஒரு நுணுக்கம்: ஒரு போகி இடவலம் திரும்ப மட்டும் விடும் அளவுக்கு இறுக்கம், மற்றது சற்றுத் தளர்வாக எல்லாப் பக்கமும் ஆட வேண்டும். மூன்று கால் முக்காலி தள்ளாடாது அல்லவா, அதே கணக்கு. இரண்டையும் இறுக்கினால், தண்டவாளம் பதித்த பலகைத் துண்டுகள் (மாட்யூல்கள்) ஒன்றோடொன்று சேரும் இணைப்பில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும்.

* * *

மாட்யூல் இணைப்பு என்றதும் மின்சாரத்தையும் சொல்லிவிட வேண்டும். மாட்யூல்களுக்கான பொது அளவுமுறையான ஃப்ரீ-மோவில் மாட்யூலின் முனைப்பலகை 24 அங்குல அகலம், தரையிலிருந்து தண்டவாளம் 50 அங்குல உயரம். அளவு சரியாக இருந்தால் யாருடைய மாட்யூலும் யாருடையதோடும் சேரும். வயரிங் அப்படித் தானாகச் சேர்ந்துகொள்ளாது. டிசிசி-யில், அதாவது எஞ்சின்களை டிஜிட்டல் முறையில் இயக்கும் அமைப்பில், அடியில் ஓடும் முதன்மை வயர் தடிமனாக, 12 அல்லது 14 கேஜ். அதிலிருந்து தண்டவாளத்துக்கு மூன்று நாலு அடிக்கு ஒரு கிளை. தண்டவாள இணைப்புத் தகட்டை நம்பி மின்சாரம் கடத்தாதீர்கள்.

கதவு திறக்கும் முன் நாணயச் சோதனை: ஒவ்வொரு மாட்யூலிலும் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே ஒரு நாணயத்தை வையுங்கள். தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் உடனே அதைத் துண்டிக்க வேண்டும். துண்டிக்காவிட்டால் வயரில் மின்தடை அதிகம் என்று பொருள். அப்படியே விட்டால், பிற்பாடு தடம் புரண்ட எஞ்சின் வழியாக 5 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருந்து போகியின் பிளாஸ்டிக்கை உருக்கும்.

* * *

ஓடுவது கிடக்கட்டும். பார்வையாளர்களில் பழைய ரயில்வே ஆட்கள் வருவார்கள், அவர்கள் கண்ணில் படுவது காலப்பிழை. உங்கள் ரயில் காட்டும் காலம் 1975 அக்டோபர் என்று எடுத்துக்கொள்வோம். எஸ்டி40-2 எஞ்சின் ஓடலாம், அது 1972-இல் வந்துவிட்டது. கான்ரெயில் ரயில் நிறுவனத்தின் நீல எஞ்சின் ஓடக் கூடாது, அந்த நிறுவனம் இயங்கத் தொடங்கியது 1976 ஏப்ரல் 1-இல். அதற்குப் பதில் பென் சென்ட்ரலின் கறுப்பு.

பெட்டிகளில் இன்னும் நுணுக்கம். கூரைமேல் நடைபலகை 1966-க்குப் பின் கட்டிய பாக்ஸ்காரில் கிடையாது. பழைய பெட்டிகளில் கழற்றப்படாமல் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும், ஆகவே கலந்து வையுங்கள். வண்ணக் கோடுகள் போட்ட ஏசிஐ தகடு (பெட்டியைக் கருவி தானாக அடையாளம் காண்பதற்கானது) 1967-இல் வந்து எழுபதுகளின் கடைசியில் கைவிடப்பட்டது, 1975-இல் பக்கத்துக்கு ஒன்று கட்டாயம். கறுப்புச் சதுரத்தில் மஞ்சள் புள்ளி இருக்கிறதே, அது சக்கரச் சோதனை அடையாளம், 1978-இல் வந்தது. ரெடிமேட் பெட்டிகளில் அச்சாகியே வரும், சுரண்டிவிட வேண்டியதுதான். பக்கவாட்டில் மஞ்சள் பிரதிபலிப்புப் பட்டை இருந்தால் அந்தப் பெட்டி 2005-க்குப் பின்.

சக்கரத்தையும் மறக்காதீர்கள். 70 டன் பெட்டிக்கு 33 அங்குலம், 100 டன்னுக்கு 36. மாடலில் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் வராது, ஆனால் பக்கத்தில் நிறுத்தினால் தெரியும். வாலில் கார்டு பெட்டி, அதாவது கபூஸ், இருந்தே ஆக வேண்டும். சிவப்பு விளக்குக் கருவி அதன் இடத்தைப் பிடித்தது எண்பதுகளில்.

* * *

அழுக்குப் பூச்சுக்கு ஒரு வரிசை உண்டு. பாத்திரம் துலக்கும் சோப்பில் கழுவி, உலரவைத்து, மங்கல் வார்னிஷ். அதன்மேல் வெள்ளை எண்ணெய் வண்ணத்தைப் புள்ளிபுள்ளியாக வைத்து, மினரல் ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த தட்டைத் தூரிகையால் மேலிருந்து கீழே இழுங்கள். வெயிலில் வெளுத்த நிறம் வரும். காய்ந்தபின் பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு) கரைசல், கடைசியில் சுண்ணத்தூள்.

எல்லோரும் சறுக்கும் இடம் இரண்டு. மங்கல் வார்னிஷ்மேல் ஆல்கஹால் பட்டால் பால்போல் வெளுத்துவிடும். தூளின்மேல் வார்னிஷ் அடித்தால் பாதி நிறம் காணாமல் போகும், அதனால் முதலிலேயே கூடுதலாகப் போடுங்கள்.

கூரையெல்லாம் துரு வைப்பது இன்னொரு பழக்கம். துத்தநாகம் பூசிய கூரையில் வண்ணம் உரிந்தால் சாம்பல் நிறத் தகடுதான் தெரியும், துரு அல்ல. சக்கர முகப்பிலும் அப்படியே: ரோலர் பேரிங் போகியில் துருப் பழுப்பு, பழைய உராய்வு பேரிங்கில் எண்ணெய் கசிந்த பிசுக்குக் கறுப்பு. சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் பகுதியிலும் அச்சு முனையிலும் வண்ணம் படவே கூடாது.

* * *

இவ்வளவும் செய்துவிட்டு பந்தயக் குதிரைபோல் ஓட்டினால் எல்லாம் வீண். நிஜத்தில் மணிக்கு 40 மைல் என்றால், ஹெச்ஓவில் ஒரு மீட்டரைக் கடக்க 5 விநாடி. யார்டில் 10 மைல் என்றால் 20 விநாடி. தரையில் டேப் ஒட்டி, கைப்பேசியில் நேரம் பாருங்கள்.

இரண்டு எஞ்சின் சேர்த்தால் வேகப் பொருத்தம் வேண்டும். எஞ்சினின் டிசிசி அமைப்பு எண்களுக்கு சிவி என்று பெயர். முதலில் சிவி3, சிவி4 (வேகம் கூடும், குறையும் விதம்) இரண்டையும் பூஜ்யமாக்கிவிட்டு, சிவி2, 6, 5 (தொடக்க, நடு, உச்ச வேகம்) இந்த வரிசையில் மெதுவான எஞ்சினுக்கு மற்றதை இறக்குங்கள். வேகமான எஞ்சினை இறக்கலாம், மெதுவானதை ஏற்ற முடியாது.

ஹார்ன் ஒலி அரங்கில் பாதிக்கும் கீழே இருக்கட்டும். லெவல் கிராசிங்குக்கு நெடில், நெடில், குறில், நெடில். கடைசி நெடில் எஞ்சின் சாலைமேல் ஏறும்வரை நீள வேண்டும்.