அடுத்த 20 ஆண்டுகளுக்கான தொலைநோக்கை எழுதி வைக்க வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். 41 வயதாகும் நான், வரும் 20 ஆண்டுகளில் என் வாழ்க்கை எந்தத் திசையில் செல்ல வேண்டும் என்பதை எழுதி வைக்க மூன்று மாதங்களாக முயன்று வருகிறேன். குறிப்பேட்டில் நான்கு பக்கங்கள் நிரம்பியிருந்தாலும், பெரும்பாலானவை பதவி, வீடு, சேமிப்பு என்று எண்ணிக்கையில் அடங்கும் இலக்குகளே, "என் நேரத்தை யாருக்குக் கொடுக்கப் போகிறேன்?" என்ற கேள்விக்குக் கீழே மட்டும் இன்னும் ஒரு வரி கூட இல்லை.

18 முதல் 68 வயது வரையிலான 19,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடத்தப்பட்டு, 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு ஒன்று, எந்த வயதினரும் அடுத்த பத்தாண்டுகளில் தாம் மாறப்போகும் அளவைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று காட்டியது. அப்படியானால், இன்றைய விருப்பங்களை வைத்து 61 வயதுக்கு நான் எப்படித் திட்டமிடுவது?

அந்த வயதில் ஒரு சாதாரண நாள் எப்படிக் கழியும் என்று எழுதிப் பார்த்தது ஓரளவு உதவியது. அதில் பதவியைப் பற்றிய பேச்சே வரவில்லை. மாலையில் இரண்டு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தந்துகொண்டிருந்தேன்.

இப்படி ஒன்றை எழுதி ஐந்தாண்டுகளுக்கு மேல் கைக்கொண்டவர்கள், எதை மாற்றாமல் வைத்தீர்கள், எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை திருத்தினீர்கள், வாழ்க்கைத் துணையோடு எந்தக் கட்டத்தில் கலந்து பேசினீர்கள் என்று தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.