கொச்சொனே: இலக்கா, குட்டியா? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது

தண்டையார்பேட்டை:
அன்பர்களுக்கு வணக்கம். பிரான்சுக்குச் சுற்றுலா போகும் ராயபுரம் குழு ஒன்று அங்கே ஊர்த்திடல் பெத்தாங்க் போட்டியில் ஆடப்போகிறது. சிறு காய் ஒன்றை எறிந்துவிட்டு, அதற்கு அருகே எஃகு உருண்டைகளைப் போடும் ஆட்டம் அது. அவர்களுக்கு நான்கு பக்கக் கையேடு. 70.5 முதல் 80 மி.மீ. விட்டமுள்ள எஃகு உருண்டைக்குக் 'குண்டு' என்று எழுதிவிட்டேன். முதலில் 6 முதல் 10 மீட்டருக்குள் எறியும் 30 மி.மீ. காய்க்கு, பிரெஞ்சில் 'கொச்சொனே', 'இலக்கு' சரியா? அதை ஒட்டிப் போடுவது, எதிரணிக் குண்டை அடித்துக் கிளப்புவது, இரண்டுக்கும் சொல் வேண்டும்.

பெரம்பூர்:
'வட்டு' இருக்கக் 'குண்டு' எதற்கு? நற்றிணை மூன்றாம் பாட்டில் வேப்பமர நிழலில் அரங்கு கீறி நெல்லிக்காய் வட்டாடுகிறார்கள் சிறுவர்கள். ஆட்டத்தின் பெயரையும் பாருங்கள்: புரொவான்சு வழக்கில் 'பெ தங்கா', ஊன்றிய பாதம். தங்கா, தங்கு. வேர் தெரியவில்லையா?

வியாசர்பாடி:
ஐயா, ஒலி ஒத்தால் உறவாகிவிடாது. ஆடுபவர் நிற்பதே 35 முதல் 50 செ.மீ. வட்டத்துக்குள், குண்டு தரையில் விழும்வரை பாதம் பெயரக் கூடாது. 'வட்டத்தில் நின்று வட்டை எறி' என்றால் படிப்பவர் என்ன செய்வார்? அரங்கில்லாமல் வட்டாடுவதைத்தான் வள்ளுவர் பழிக்கிறார். இவர்களோ சரளைத் தரை கிடைத்தால் போதும் என்று ஆடுகிறவர்கள்.

'இலக்கு' வேண்டவே வேண்டாம். அது அசையாத பொருள். கொச்சொனே அடிபட்டு நகரும். நகர்ந்த இடத்திலிருந்துதான் குண்டுகளின் தூரத்தை அளப்பார்கள். எல்லை தாண்டினால், ஒரே அணியிடம் குண்டு மிச்சமிருந்தால் மிச்சக் குண்டுக்கு ஒரு புள்ளி அவர்களுக்கு. மற்றபடி அந்தச் சுற்று செல்லாது. பிரெஞ்சில் பன்றிக்குட்டி என்றே பொருள். 'குட்டி' போதும்.

பெரம்பூர்:
தொல்காப்பிய மரபியல் பன்றிக்குட்டிக்குக் 'குருளை' என்கிறது. நாய், பன்றி, புலி, முயல் நான்குக்கும் அதுவே. தவிர, நம் பக்கத்தில் 'குட்டி' என்று கத்தினால் யாராவது பெண் திரும்பிப் பார்ப்பாள்.

வியாசர்பாடி:
'குருளை' என்று கத்தினால் உருளைக்கிழங்கா என்பார்கள்.

கொருக்குப்பேட்டை:
குட்டிக்கு என் ஓட்டு. மற்ற இரண்டுக்கும் 'வைப்பு', 'அடி'. ஆனால் ஒரு விஷயம். இதுபோன்ற போட்டிகளில் சில சமயம் சீட்டுக் குலுக்கி ஜோடி சேர்ப்பார்கள். கூட்டாளி பிரெஞ்சுக்காரராக இருந்தால் எந்தத் தமிழும் உதவாது. வைப்புக்குப் 'புவாந்தே', அடிக்குத் 'தீரே' என்ற பிரெஞ்சுச் சொற்களையும் பக்கத்திலேயே போடுங்கள். இருவர் அணியில் ஆளுக்கு மூன்று குண்டு, மூவர் அணியில் இரண்டு, 13 புள்ளி எடுத்தால் வெற்றி என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள். பயிற்சிக்குக் காசிமேட்டு மணல் ஆகாது. குண்டு விழுந்த இடத்திலேயே புதையும், உருளாது. இறுகிய மண்தரை பாருங்கள்.

தண்டையார்பேட்டை:
சரி, குண்டு, குட்டி, வைப்பு, அடி. பிரெஞ்சுச் சொற்களும் கூடவே வரும். 'கார்ரோ' மிச்சம். அடித்த குண்டு, அடிபட்டதைத் துரத்திவிட்டு அது இருந்த இடத்திலேயே நிற்பது. 'இடம்பிடி' போடலாமா?

கொருக்குப்பேட்டை:
பேருந்தில் துண்டு போட்ட மாதிரி இருக்கிறது. 'கார்ரோ' என்றே விடுங்கள்.

பெரம்பூர்:
குருளையை அடிக்குறிப்பிலாவது சேருங்கள். 'வைப்பு' வங்கிச் சொல் என்பதையும் பதிவு செய்கிறேன்.