2018இல் தோற்றாரா, தோற்கடிக்கப்பட்டாரா? நீதன் சாண் கணக்கில் ஒரு சண்டை

கணக்குவாத்தி:
காலையில் குடும்ப வாட்சப்பில் ஒரு வாழ்த்து வந்து விழுந்தது. றொரன்ரோ அரசியல்வாதி நீதன் சாண் பற்றியது. பதவியில் இருக்கும்போது மக்கள் அவரை ஒருநாளும் தோற்கடித்ததில்லையாம். கொட்டை எழுத்து, பூமாலை, பின்னால் நாதஸ்வரம் வேறு. வாழ்த்துவதில் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. ஆனால் 2018 ஒக்ரோபர் 22 அன்று ஸ்காபரோ - றூஜ் பார்க் என்ற 25ஆம் வட்டாரத்தில் ஜெனிஃபர் மக்கெல்வியிடம் 154 வாக்குகளால் தோற்றது யார், என் சித்தப்பா மகனா? றொரன்ரோ நகரசபை உறுப்பினராக இருந்துகொண்டே தோற்றவர் அவர். அதை மறைத்து ஒரு வாழ்த்து எதற்கு?

மல்வேர்ன் மைந்தன்:
வாத்தியார் இன்றைக்கும் வெள்ளனவே எழும்பிவிட்டார். ஐயா, அவர் உறுப்பினராக இருந்தது பழைய 42ஆம் வட்டாரத்துக்கு. 2017 பெப்ரவரி இடைத்தேர்தலில் வென்று, றொரன்ரோ நகரசபைக்குள் போன முதல் தமிழர் ஆனார். அந்த வட்டாரமே 2018இல் இல்லை. 47 வட்டாரங்களுக்குத் தேர்தல் நடக்க வேண்டியது. வேட்புமனுவின் கடைசி நாளான யூலை 27 அன்று ஒன்ராறியோ முதல்வர் டக் போர்ட் வந்து, வட்டாரங்களை 25 ஆகக் குறைக்கச் சட்டம் வரும் என்று அறிவித்தார். இல்லாத வட்டாரத்தின் உறுப்பினர் எப்படித் தோற்பார்?

கணக்குவாத்தி:
154.

மல்வேர்ன் மைந்தன்:
என்ன 154?

கணக்குவாத்தி:
மக்கெல்வி கூடுதலாக எடுத்த வாக்கு. எண்ணிச் சொன்னது நான் இல்லை, நகரசபை எழுத்தர்.

வாசுகி_மார்க்கம்:
இரண்டு பேரும் 154ஐப் பிடித்துத் தொங்குகிறீர்கள். எனக்கு வேறு கேள்வி. இவர் 2006இல் யோர்க் பிராந்தியக் கல்விச்சபைக்கு மார்க்கத்தில் நின்று வென்றார். நாங்கள் போட்ட வாக்கு. 2010இல் அதை விட்டுவிட்டு றொரன்ரோ நகரசபைக்கு நின்றார், றேமன்ட் சோவிடம் தோற்றார். 2011இலும் 2014இலும் என்டிபி (புதிய ஜனநாயகக் கட்சி) வேட்பாளராக மாகாணத் தேர்தல், இரண்டிலும் தோல்வி. 2016இல் திரும்பவும் கல்விச்சபை, இந்த முறை றொரன்ரோவில். அதே ஆண்டு செப்ரெம்பரிலேயே மாகாண இடைத்தேர்தல், மூன்றாம் இடம். அடுத்த பெப்ரவரியில் நகரசபை. கல்விச்சபை என்பது பிள்ளைகளுக்கான இடமா, ஏறிப் போகிற ஏணியா?

மல்வேர்ன் மைந்தன்:
2006 முதல் 2010 வரை நான்கு ஆண்டும் முழுதாக இருந்தாரே, அக்கா. அதை மட்டும் ஏன் விழுங்கிவிட்டீர்கள்?

வாசுகி_மார்க்கம்:
நான் ஒன்றையும் விழுங்கவில்லை. 2016ஐத்தான் கேட்டேன். பதில் சொல்ல முடியாவிட்டால் 2006க்கு ஓடுவது. போன பொங்கல் விழாப் பேச்சிலும் இதைத்தான் செய்தீர்கள். மண்டப வாடகையை யார் கட்டியது என்று கேட்டேன், நீங்கள் வாழை இலையைப் பற்றிக் கதைத்தீர்கள்.

கணக்குவாத்தி:
அக்கா, மண்டபத்தைப் பிறகு பார்ப்போம். மைந்தன் தம்பி, வட்டாரம் இல்லை என்றீர்கள். சரி. வாக்கெண்ணிய அன்று நீதன் சாண் நகரசபை உறுப்பினரா, இல்லையா? ஆம் அல்லது இல்லை.

மல்வேர்ன் மைந்தன்:
உறுப்பினர்தான். ஆனால்...

கணக்குவாத்தி:
நன்றி. உறுப்பினர். 154. தோல்வி. இதற்குள் ஆனாலுக்கு எங்கே இடம்?

றூஜ் ஆறு:
இடம் இருக்கிறது. 25ஆம் வட்டாரத்தின் தெற்குப் பக்கத்தைப் பாருங்கள். ஹைலண்ட் கிறீக், போர்ட் யூனியன் குடியிருப்புகள் எல்லாம் பழைய 44ஆம் வட்டாரம். 2014இல் மக்கெல்வி நின்றது அந்த 44இல்தான். றொன் மோசரிடம் தோற்றார், ஆனால் அந்த ஊர் அவரை வீடு வீடாக அறியும். அங்குள்ள குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். போர்ட் யூனியன் வீதியில் அந்த ஒக்ரோபரில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: புல்வெளிக்குப் புல்வெளி அவருடைய பலகை. வடக்கே மல்வேர்ன் பக்கம் ஏறினால் நீதன் பலகை. ஒரே வட்டாரம் என்றது காகிதத்தில் மட்டும்தான். இதில் யார் பதவியில் இருந்தவர், யார் புதியவர்?

கணக்குவாத்தி:
பலகைக்கு வாக்குரிமை கொடுத்தது எந்தச் சட்டம்? பழைய 42இன் மற்றப் பக்கம் போன 23, ஸ்காபரோ வடக்கு, அங்கே நின்றிருக்கலாம். 25ஐத் தெரிவு செய்தது அவரே. தானே தெரிந்தெடுத்த இடத்தில் 154.

மல்வேர்ன் மைந்தன்:
தெரிவா? செப்ரெம்பர் 10 அன்று நீதிபதி பெலோபாபா அந்த 25 வட்டாரச் சட்டம் செல்லாது என்றார். உடனே போர்ட், நீதிமன்றம் தடுத்தாலும் சட்டத்தை நிறைவேற்ற இடம் தரும் அரசியலமைப்பின் விதிவிலக்குப் பிரிவைத் தூக்கிக்கொண்டு வந்தார். புதுச் சட்டம் நீட்டிய வேட்புமனுக் காலம் 14ஆம் திகதி முடிகிறது. 19ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைக்கிறது. தேர்தலுக்கு ஒரு மாதம் மட்டும் இருக்க, எந்த வட்டாரம் என்பதே யாருக்கும் நிச்சயமில்லை. அச்சடித்த துண்டுப்பிரசுரத்தில் எண் பிழை. இதையா தெரிவு என்கிறீர்கள்?

கணக்குவாத்தி:
மக்கெல்விக்கும் அதே 10ஆம் திகதி, அதே 19ஆம் திகதி. அவருக்குப் போர்ட் தனி நாட்காட்டி அனுப்பினாரா? 2021இல் உச்ச நீதிமன்றமும் சட்டம் செல்லும் என்று முடித்துவிட்டது.

றூஜ் ஆறு:
5க்கு 4. ஒரே ஒரு நீதிபதி வித்தியாசம்.

கணக்குவாத்தி:
அதுவும் வித்தியாசம்தான். 154உம் வித்தியாசம்தான். வித்தியாசம் சின்னதாக இருந்தால் தோல்வி இல்லை என்ற புதுக் கணக்கை எந்தப் பள்ளியில் படித்தீர்கள்?

புதுசா_வந்தவன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் திருச்சியிலிருந்து படிக்க வந்து சில மாதம்தான் ஆகிறது. எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்கென்று இப்படித் தேர்தல் கிடையாது. இந்தக் கல்விச்சபை உறுப்பினர் என்னதான் செய்வார்? பாடத்திட்டம் போடுவாரா?

வாசுகி_மார்க்கம்:
இல்லை தம்பி. பாடத்திட்டமும் பணமும் மாகாணத்திடம். சபை வரவுசெலவை அங்கீகரிக்கும், கல்விப் பணிப்பாளரை நியமிக்கும், பள்ளி எல்லைகளை வரையும். பெற்றோர் தொலைபேசி எடுத்தால் எடுக்க வேண்டிய ஆள் இந்த உறுப்பினர். அதுதான் நான் கேட்கிறேன், எடுத்தாரா?

மல்வேர்ன் மைந்தன்:
எடுத்தாரே. உங்களுக்கு எடுக்கவில்லை என்றால் நீங்கள் மார்க்கத்தில் இருந்துகொண்டு ஸ்காபரோ உறுப்பினருக்கு அடித்திருப்பீர்கள்.

வாசுகி_மார்க்கம்:
நக்கல் அடிக்க மட்டும் தெரியும். எங்கள் பக்கம் ஜுவானிடா நாதன் 2010இல் சபைக்கு வந்தார். தலைவராகவும் இருந்தார். 2022 வரை அங்கேயே இருந்து, அதன் பிறகுதான் மார்க்கம் நகரசபைக்குப் போனார். 2025இல் நாடாளுமன்றம். அப்படியும் ஏறலாம்.

றூஜ் ஆறு:
அவர் நகரசபையில் எவ்வளவு காலம் இருந்தார் அக்கா? 2022 ஒக்ரோபரில் வென்றார், 2025 ஏப்ரலில் ஒட்டாவா. அது ஏணி இல்லையா? பார்த்தி கந்தவேள் 2014 தொடங்கிக் கல்விச்சபை, 2023 இடைத்தேர்தலில் ஸ்காபரோ தென்மேற்கு நகரசபை. இந்த நகரத்தில் அந்தப் படியில் கால் வைக்காமல் மேலே போன தமிழர் எத்தனை பேர்?

வாசுகி_மார்க்கம்:
லோகன் கணபதி. நேரே மார்க்கம் நகரசபை, 2006. பிறகு 2018இல் மாகாணசபை. கல்விச்சபைப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை.

மல்வேர்ன் மைந்தன்:
மாகாணசபைக்குப் போனது எந்தக் கட்சியில்? 25 வட்டாரம் ஆக்கிய அதே போர்ட்டின் கட்சியில். நல்ல உதாரணம் எடுத்தீர்கள்.

வாசுகி_மார்க்கம்:
பார்த்தீர்களா, கட்சிக்குப் போய்விட்டார். ஒன்ராறியோ என்டிபியின் கட்சி அமைப்புத் தலைவராக (பிரெசிடென்ட்) இருந்தவருக்கு வால் பிடிக்கிற ஆள், மற்றவர் கட்சியைப் பற்றிக் கதைக்கிறார்.

கணக்குவாத்தி:
எல்லாரும் ஊர் சுற்றிவிட்டு வந்தாயிற்றா? நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன். வாழ்த்தில் என்ன எழுதியிருந்தது? பதவியில் இருந்தபோது தோற்றதில்லை என்று. 2018இல் பதவியில் இருந்தார். தோற்றார். இந்த இரண்டு வரியில் எது பிழை? மோசர், பெலோபாபா, போர்ட், புல்வெளி, வாழை இலை எல்லாம் கேட்டேன். இந்த இரண்டு வரிக்கு மட்டும் ஒருவரும் பதில் தரவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். ஆளைக் குறை சொல்ல நான் வரவில்லை. 2022இல் திரும்ப றொரன்ரோ கல்விச்சபைக்கு வந்தார், பிறகு தலைவரும் ஆனார். கனடாவிலேயே பெரிய கல்விச்சபை, லேசுப்பட்ட கதிரை இல்லை. 2025 யூனில் கல்வி அமைச்சர் போல் கலன்ரா ஒரு மேற்பார்வையாளரைப் போட்டு அந்தக் கதிரையின் காலை ஒடித்தார், அதற்கு இவர் என்ன செய்வார். மக்கெல்வி ஏஜாக்சில் நாடாளுமன்ற உறுப்பினராகிப் போனதும் அதே 25ஆம் வட்டார இடைத்தேர்தலில் செப்ரெம்பர் 29 அன்று வென்றார். இதெல்லாம் எனக்கும் தெரியும், உங்களை விட வடிவாகத் தெரியும். தோற்ற இடத்திலேயே வென்றார் என்று எழுதினால் எவ்வளவு அழகான வாழ்த்து! ஆனால் அப்படி எழுத முதலில் தோற்றதைச் சொல்ல வேண்டுமே.

றூஜ் ஆறு:
அப்படியென்றால் நீங்களும் அவர் ஆள்தான்.

கணக்குவாத்தி:
நான் எண்ணின் ஆள்.

மல்வேர்ன் மைந்தன்:
2025இல் வென்றது 154ஐ விட எத்தனை மடங்கு வித்தியாசத்தில் என்பதையும் சொல்லுங்கள், எண்ணின் ஆளே.

கணக்குவாத்தி:
இடைத்தேர்தலையும் பொதுத்தேர்தலையும் ஒரே தராசில் வைக்கிறீர்களா? வாக்களிக்க வந்த கூட்டமே வேறு. இதற்குப் புதுத் திரி தொடங்குங்கள், அங்கேயும் வருகிறேன்.

வாசுகி_மார்க்கம்:
மேற்பார்வையாளர் விடயத்தை அப்படியே தாண்டிப் போகாதீர்கள். சபைத் தலைவராக இருந்தவர், சபையின் அதிகாரம் போன சில மாதத்தில் நகரசபைக்கு நின்றார். நான் சொன்ன ஏணி இதுதானே?

மல்வேர்ன் மைந்தன்:
அதிகாரத்தைப் பறித்த பிறகு அங்கே இருந்து என்ன செய்யச் சொல்கிறீர்கள், அக்கா? கதிரைக்குக் காவல் இருக்கவா?

வாசுகி_மார்க்கம்:
இருந்து சண்டை பிடித்திருக்கலாம்.

புதுசா_வந்தவன்:
மன்னிக்கவும், அப்போ இப்போது அந்தக் கல்விச்சபைக்குத் தலைவர் யார்?

மல்வேர்ன் மைந்தன்:
தம்பி, அதை வாசுகி அக்காவிடம் கேளுங்கள். மார்க்கத்திலிருந்து பார்த்தால் ஸ்காபரோ எல்லாம் அவருக்குத் தெளிவாகத் தெரியும்.

வாசுகி_மார்க்கம்:
மண்டப வாடகைக்கு இன்னும் பதில் வரவில்லை.