தாடையில் பூட்டு இருக்கிறதா? நாய்க்கடி வலுவைப் பற்றி நேரில் கண்டவர்கள் எழுதுகிறார்கள்

மேலூர்ச் சாலைக்காரர்:

ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் போகும் வழியில் இருக்கிறது எங்கள் ஊர். பக்கத்துத் தோட்டத்துப் பிட்புல் சங்கிலியை அறுத்துக்கொண்டு வந்து, எங்கள் வெள்ளாட்டின் தொடையைக் கவ்விய அன்று நான் பார்த்த ஒரு காட்சி இன்றும் மனத்தை உறுத்துகிறது. கூட்டம், கூச்சல், வாளி வாளியாகத் தண்ணீர் எல்லாம் வழக்கம்போல நடந்தன. "தாடை பூட்டிக்கிருச்சு, கடப்பாரையக் கொண்டாங்கடா" என்று ஒரு பெரியவர் கத்தினார். உடனே கடப்பாரையும் வந்துவிட்டது.

ஆடு துள்ளாமல் இருப்பதற்காக அதன் தலையை அணைத்துக்கொண்டு நான் குனிந்திருந்தேன். நாயின் வாய் என் முகத்திலிருந்து ஒரு முழ தூரத்தில் இருந்தது. கடைவாயில் நுரை தள்ள, அது மூக்கால் புஸ்புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று அந்த வாய் அரை விரற்கடை அளவுக்குத் திறந்தது. ரோமத்தில் புதைந்திருந்த கோரைப்பல் வெளியே வந்தது. கண் இமைப்பதற்குள், இன்னும் சற்று உள்ளே தள்ளி மறுபடியும் இறங்கியது. ஒருமுறை மட்டுமன்று, திரும்பத் திரும்ப அப்படியே செய்தது. பூட்டிக்கொண்ட தாடை எப்படித் திறந்து மூடும்? சற்று நேரத்தில் ஓடிவந்த வளர்ப்பவர் ஒரு வார்த்தையும் பேசாமல் நாயின் முதுகுக்கு இருபுறமும் கால் வைத்து நின்று, கழுத்துப் பட்டையைப் பிடித்து முறுக்கித் தூக்கினார். கொஞ்ச நேரத்தில் அது தானாகவே வாயை விட்டது. ஆடு பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்தச் சாதி நாய்க்குத் தாடையில் கொக்கி இருக்கிறது என்றுதான் ஊர் இன்னமும் சொல்கிறது. அருகிலிருந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

கிடைக்காரர் மகன், பேரையூர்:

அண்ணன் சொல்வது உண்மை. அது பூட்டு அன்று, பிடிவாதம். ஆனால் பிட்புல்லைப் பற்றியே எல்லோரும் பேசுவதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அறுவடை முடிந்த வயலில் போட்டிருந்த கிடையை ஒட்டி, இரவில் மோட்டாரை நிறுத்துவதற்காகக் குறுக்கே நடந்து போனேன். கிடைக்குக் காவலாக இருந்த கோம்பை இன நாட்டு நாய், கருமூஞ்சிச் செவலை, குரைக்காமலேயே வந்து என் கெண்டைக்காலைக் கடித்தது. ஒரே கடிதான். அடுத்த நொடியே விட்டுவிட்டு, எனக்கும் ஆடுகளுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு குரைக்கத் தொடங்கியது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது, என்னைக் கிடையிலிருந்து விலக்கியதே போதும் என்பதுபோல அது நின்ற நிலை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. நாலு பல்லும் பதிந்து காலில் ஓட்டை விழுந்திருந்தது. கோம்பையின் கடி 500 பிஎஸ்ஐ என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். பிட்புல் அதற்குப் பக்கத்தில்கூட வர முடியாது.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், திருநகர்:

பேரையூர்த் தம்பிக்கு முதலில் ஒரு விளக்கம். பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை பவுண்டு என்னும் அழுத்தத்தின் அளவு. தாடையின் வலுவைச் சொல்ல வேண்டுமானால் விசையைச் சொல்ல வேண்டும். அதற்கு அலகு நியூட்டன். 100 நியூட்டன் விசை ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் விழுந்தால் ஏறத்தாழ 145 பிஎஸ்ஐ வரும். அதே விசை ஒரு சதுர மில்லிமீட்டர் கோரைப்பல் முனையில் விழுந்தால் 14,500 பிஎஸ்ஐ வந்துவிடும். நாய் அதே நாய், தாடையும் அதே தாடை. எந்தப் பரப்பில் அளந்தார்கள் என்று சொல்லாமல் 500 என்றும் 2,000 என்றும் எழுதுகிறவர்கள், எடைக்கல்லைக் காட்டாமல் எடை சொல்லும் வியாபாரியைப் போன்றவர்கள்.

1995-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், தோல் சுற்றிய அளவுக் கருவியை 22 வளர்ப்பு நாய்களிடம் கடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆகக் குறைந்த கடி 13 நியூட்டன், ஆக அதிகமானது 1,394 நியூட்டன், சராசரி 256. நமக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், சராசரிக் கடி என்பது 26 கிலோ எடையைத் தூக்கி வைத்ததற்குச் சமம். உச்சக் கடி 142 கிலோவுக்கு அருகில் வரும். ஒரே மாதிரியான கருவியில் இவ்வளவு வேறுபாடு வந்ததற்கு நாயின் எடையும் தலையின் அமைப்பும் மட்டுமன்றி, அந்த நேரத்தில் அது எவ்வளவு மனம் வைத்துக் கடித்தது என்பதும் காரணமாகிறது. விளையாட்டாகக் கடித்த நாயையும் வெறியோடு கடித்த நாயையும் ஒரே பட்டியலில் வைத்து, இந்த இனத்தின் வலு இவ்வளவு என்று ஒற்றை எண்ணை எழுதுவது அறிவியல் ஆகாது.

2005-இல் நேஷனல் ஜியாகிரபிக் தொலைக்காட்சிக்காக பிராடி பார் என்பவர் செய்து காட்டிய சோதனையைத்தான் எல்லோரும் எடுத்தாள்கிறார்கள். அதில் கடியின் விசை ராட்வீலருக்கு 328 பவுண்டு, ஜெர்மன் ஷெப்பர்டு 238, பிட்புல் 235 என்று வந்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய நாய்களைக் கொண்டு செய்தது என்பதால் அதை நான் முடிந்த முடிவாகக் கொள்ளவில்லை. ஆனாலும் மூன்றில் கடைசியாக வந்தது, ஊரே அஞ்சும் பிட்புல்தான் என்பதைக் கவனியுங்கள். இதில் வியப்பில்லை. நன்கு வளர்ந்த ஆண் ராட்வீலர் 50 கிலோவைத் தாண்டும்; பிட்புல் பெரும்பாலும் அதில் பாதிதான் இருக்கும். கடியின் விசை கன்னத்துத் தசையிலிருந்தும், நெற்றிப் பக்கத்திலிருந்து உச்சி மண்டைவரை படர்ந்திருக்கும் தசையிலிருந்தும் பிறக்கிறது. மண்டை பெரிதாகவும் அகலமாகவும் இருந்தால் அந்தத் தசைக்கு இடம் கூடுகிறது. மூஞ்சி நீண்டால், நெம்புகோல் விதிப்படி முன்பல்லில் விசை குறைகிறது. கூரிய முகம் கொண்ட சிப்பிப்பாறை நாயை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். மேலூர் நண்பர் கேட்ட பூட்டு எந்த இனத்தின் தாடையிலும் இல்லை. கீல் ஒன்றுதான், தசைகளும் அவைதான்.

என் அனுபவம் சிறியது. மகள் வீட்டுப் பொமரேனியன் சோபாவுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த செருப்பை எடுக்கப் போனபோது என் சுட்டுவிரல் மூட்டில் ஒரே ஒரு பல் இறங்கியது. ரத்தம்கூட ஒரு சொட்டுக்கு மேல் வரவில்லை. ஆனால் கிருமி மூட்டுக்குள் போய், விரல் ஊதா நிறத்தில் வீங்கி, அறுவை செய்துதான் காப்பாற்றினார்கள். இன்றுவரை அந்த விரல் முழுதாக மடங்குவதில்லை.

கிடைக்காரர் மகன், பேரையூர்:

ஐயா, கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நாட்டு நாயின் வீரத்தை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. எங்கள் அப்பா காலத்தில் ஒரு கோம்பை இருந்தால் கிடைக்குள் நரி எட்டிப் பார்க்காது.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், திருநகர்:

வீரம் வேறு, விசை வேறு தம்பி. உங்களைக் கடித்த நாய் உடனே விட்டுவிட்டு விலகி நின்றதே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கவ்விக்கொண்டு தலையை உதறும் நாய்தான் சதையைக் கிழிக்கிறது. இரண்டுக்கும் விசை ஒன்றாகவே இருக்கலாம்; காயம் ஒன்றாக இருக்காது.

ஆலைக் காவலர், வாடிப்பட்டி:

நான் அரிசி ஆலையில் இரவுக் காவல் பார்க்கிறேன். முதலாளி வளர்த்த டாபர்மேனுக்கு ஒன்பது வயது நெருங்கியபோது, வயதாகிவிட்டால் அதன் மூளை வளர்ந்து மண்டை ஓட்டை நெருக்கும், அப்போது பைத்தியம் பிடித்து வளர்த்தவரையே குதறிவிடும் என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்லத் தொடங்கினார்கள். ஒருநாள் மூட்டை தூக்கும் பையன் பின்னால் வந்து முதுகைத் தட்டியபோது, அது திரும்பிக் கையைப் பிடித்துவிட்டது. தோலில் கீறல் மட்டுமே விழுந்தது. ஆனால் அன்றைக்கே அதை வண்டியில் ஏற்றி நான்குவழிச் சாலையில் இறக்கிவிட்டு வந்துவிட்டார்கள். மறுநாள் நான் தேடிப் போனபோது, ஒரு தேநீர்க்கடை மேடைக்கு அருகில் நின்று, வந்து போகும் ஒவ்வொரு வெள்ளைக் காரையும் தலை தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. கழுத்தில் பட்டை இருந்த இடம் மட்டும் ரோமம் தேய்ந்து பளபளத்தது. பட்டையை யாரோ கழற்றி எடுத்துப் போயிருந்தார்கள். வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அதன் ஆயுள் முடியும்வரை என்னிடம்தான் இருந்தது.

கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். வளர்ந்த நாயின் மண்டை ஓடும் வளர்வதில்லை, மூளையும் வளர்வதில்லை; முதுமையில் மூளை சுருங்கத்தான் செய்கிறது என்றார். என்னிடம் வந்த நாய்க்கு இரு கண்ணிலும் புரை விழுந்திருந்தது, பின்னங்கால் மூட்டில் வலியும் இருந்தது. கண் தெரியாமல், வலியோடு நிற்பதைப் பின்னாலிருந்து தட்டினால் திரும்பாமல் என்ன செய்யும்? பச்சைக் கறி தின்றால் மனிதரைக் கடிக்கும் என்பதும், குரைக்கிற நாய் கடிக்காது என்பதும் இதே வகையைச் சேர்ந்தவைதான். குரைத்துவிட்டுக் கடித்த நாய்களை ஆலை வாசலில் நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

ராஜபாளையம் வளர்ப்பவர், திருமங்கலம்:

காவலர் அண்ணன் எழுதியதைப் படித்ததும் எனக்கும் எழுத வேண்டும் என்று தோன்றியது. எங்கள் வீட்டில் வெள்ளை ராஜபாளையம் குட்டி ஒன்று, தூங்கும்போது தொட்டால் மட்டும் சட்டென்று வாய் வைக்கும். ஒரே ஆளுக்கு மட்டும் அடங்குகிற முரட்டு இனம், அதுதான் அதன் குணம் என்று உறவினர்கள் பெருமையாகச் சொன்னார்கள். தீபாவளியன்று வாசலில் சரவெடி வெடித்தபோது, தெரு நாய்கள் எல்லாம் ஓடி ஒளிந்தன. இது மட்டும் திண்ணையில் காதுகூட அசையாமல் உறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ரோமத்துக்கு வெண்மையைத் தருகிற நிறமிக் குறைவு உட்காதையும் பாதிக்கக்கூடும் என்பதால், வெள்ளை ராஜபாளையத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது தெரிந்த விஷயம்தான் என்று மருத்துவர் விளக்கினார். அதன் பிறகு எழுப்புவதற்கு முன் தரையில் ஓங்கி மிதிக்கிறோம். அதிர்வு எட்டியதும் கண் திறந்து பார்க்கிறது, வாலாட்டுகிறது. அதற்குப்பின் கடித்ததில்லை. 2005-இல் அஞ்சல் தலையில் இடம் பெற்ற நான்கு இந்திய நாயினங்களில் எங்கள் ராஜபாளையமும் ஒன்று. அந்தப் பெருமையை விட, குட்டி வாங்கும்போது முதுகுக்குப் பின்னால் கை தட்டிப் பார்க்கும் பழக்கம் நம் ஊரில் பரவ வேண்டும் என்று விரும்புகிறேன்.

இனப் பட்டியல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2024 மார்ச்சில் பிட்புல், ராட்வீலர் உள்ளிட்ட 23 வகை நாய்களை விற்கவும் வளர்க்கவும் தடை செய்யச் சொல்லி ஒன்றிய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றமும் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை ரத்து செய்தன. இதற்கிடையே பலர் என்னிடம் வந்து, "பட்டியலில் நம்ம ஊர் நாய் இல்லியே, அப்போ இது கடிக்காதுல்ல?" என்று கேட்டார்கள். பட்டியலில் இல்லாத நாய்க்கும் பற்கள் 42தான். அதே ஆண்டு மே மாதம் சென்னையில் ஒரு பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் ஒரு சிறுமியைக் குதறியதை மறந்துவிட்டு இதை எழுதவில்லை. பெரிய நாய் தவறினால் பாதிப்பும் பெரிதுதான். அதனால்தான் சங்கிலி, வாய்ப்பூட்டு, நல்ல சுற்றுச்சுவர் ஆகியவற்றை எல்லா இனத்துக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்கிறேன்.

செவிலியர், உசிலம்பட்டிப் பக்கம்:

எல்லோரும் பெரிய நாய்களைப் பற்றி எழுதுகிறீர்கள். என்னால் மறக்க முடியாதது ஒரு குட்டி. கல்லூரி மாணவர் ஒருவரை அவருடைய அம்மா வலுக்கட்டாயமாக அழைத்து வந்திருந்தார். சுண்டுவிரலில் ஊசி குத்தியதுபோல இரண்டு புள்ளிகள், அவற்றின் மேல் காய்ந்த சுண்ணாம்பு. "பால் பல்லுதானக்கா, இதுக்குப் போயி ஊசியா?" என்று சிரித்தார். சுண்ணாம்பைக் கழுவக் கழுவ, அடியிலிருந்து சிவப்பாக அந்த இரண்டு துளிகள் மறுபடி எழுந்தன. அந்த வாரத்துக்குள்ளேயே குட்டி நடை தள்ளாடிச் செத்துப்போனது. ஊசி போட்டுக்கொண்டதால் அவர் நலமாக இருக்கிறார். அந்தக் கடியை ஆசிரியர் ஐயாவின் கருவியில் வைத்திருந்தால் முள் அசைந்திருக்குமா என்பதே சந்தேகம்.

அதனால் சில வார்த்தைகள் கூடுதலாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கடித்த நாய் எந்தச் சாதி என்று விசாரிப்பதற்கு முன், ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் காயத்தைப் 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள், எருக்கம்பால் எதுவும் வேண்டாம். நேராக அரசு மருத்துவமனைக்கு வாருங்கள், வெறிநோய்த் தடுப்பூசி இலவசம். தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் முடிந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. இப்போது மேல்கையின் தோலில் முதல் நாள் (அதை 0 என்று எண்ணிக்கொள்ளுங்கள்), அதன்பின் 3, 7, 28-ஆம் நாட்களில் போடுகிறோம். பல் தோலைத் துளைத்து ரத்தம் வந்திருந்தால், காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் நோயெதிர்ப்பு மருந்தைச் (இம்யூனோகுளோபுலின்) செலுத்த வேண்டும். தடுப்பூசி மட்டும் போதாது. முகத்திலோ தலையிலோ கடிபட்ட குழந்தையை ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் கொண்டு வாருங்கள், ஏனென்றால் அங்கிருந்து மூளைக்குத் தூரம் குறைவு. காயம் வாய் பிளந்திருக்கிறதே என்று உடனே தையல் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். எப்போது போடலாம் என்பதை மருத்துவர் முடிவு செய்வார். நாய் கையைக் கவ்விக்கொண்டிருந்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், இழுப்பதால்தான் சதை கிழிகிறது.

கடித்த நாயை அடித்துக் கொன்றுவிட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாய் உயிரோடு கட்டிப்போடப்பட்டிருந்தால்தான் 10 நாள் கவனித்து அதற்கு நோய் இருக்கிறதா என்று அறிய முடியும். அந்த 10 நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது. ஊசியை அன்றைக்கே தொடங்கிவிடுங்கள். நாய் நலமாக இருந்தால் மீதியை நிறுத்தலாமா என்று மருத்துவரே சொல்வார்.