மறு: 'உம்மி நபி': தமிழில் எப்படிச் சொல்வது?

எல்லாருக்கும் ஸலாம், வணக்கம்.

மீலாது (நபிகள் நாயகத்தின் பிறந்தநாள்) மலருக்கு ஒரு கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். குர்ஆன் 7:157, 158 வசனங்களில் நபிகள் நாயகத்தைக் குறித்து வரும் 'அந்நபிய்யுல் உம்மிய்யு' (உம்மியான நபி) என்ற இடத்தில் மூன்று நாளாக நிற்கிறேன். 'உம்மி நபி' என்றே விட்டுவிடலாமே என்றார் கோலாலம்பூர் அண்ணன். விடலாம், மலாய்க்காரர்களும் 'நபி யாங் உம்மி' என்கிறார்கள். ஆனால் பினாங்கில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பெற்ற தாயையே உம்மி என்று கூப்பிடுகிறவர்கள். ஞாயிறு மதரஸாவில் இந்தத் தொடரைப் படித்ததும் ஒரே சிரிப்பு. சிரிப்பிலும் விஷயம் இருக்கிறது. 'உம்மு' என்றால் தாய். தாய் பெற்றெடுத்தபடியே, எழுத்துப் பழகாமல் இருப்பவர் உம்மி என்பது ஒரு விளக்கம். 'உம்மத்' (சமுதாயம்) என்ற சொல்லோடு சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு.

வழக்கில் உள்ள 'எழுதப் படிக்கத் தெரியாத நபி' பொருளில் தவறில்லை. இதற்குமுன் நீர் எந்த வேதத்தையும் ஓதியதில்லை, வலக்கையால் எழுதியதும் இல்லை, அப்படி இருந்திருந்தால் பொய்யர்கள் சந்தேகப்பட்டிருப்பார்கள் என்ற கருத்து 29:48இல் வருகிறது. ஆக, எழுதாதது இங்கே சான்று. 'எழுத்தறிவற்ற' என்று போட்டால் அது குடிமதிப்புப் படிவம் மாதிரி ஆகிவிடுகிறது. மலாயில் எழுத்தறியாதவரைச் சொல்லும் 'பூத்தா ஹுருஃப்', அதாவது எழுத்துக் குருடு, அதைவிட மோசம். 'கல்லாத' பக்கம் போகவே வேண்டாம். கல்லாதவர் முகத்தில் இருப்பது இரண்டு புண் என்று வள்ளுவர் முடித்துவிட்டார்.

இன்னொரு சிக்கல்: 3:20இல் வேதம் கொடுக்கப்பட்டவர்களுக்கு எதிர்ப்பக்கத்தில் 'உம்மிய்யீன்' நிற்கிறது. வேதம் அருளப்படாத அரபு மக்கள் என்று அங்கே பொருள் கொள்வோர் பலர். 2:78இலோ வேதத்தை அறியாத உம்மிகள் என்று யூதர்களிலேயே ஒரு சாராரைச் சொல்கிறது. எழுத்து, வேதம் இரண்டையும் ஒரே சொல் தாங்க வேண்டும். அந்தச் சொல் நம்மிடம் இருக்கிறது: ஏடு. அதனால் நான் வைப்பது 'ஏடறியா நபி'. 'ஏட்டுச் சுரைக்காய்' என்று ஏட்டை இளக்காரம் பேசிப் பழகிய மொழி இது. ஏடறியாதவர் என்றால் அறிவில்லாதவர் என்று நம் காதில் விழாது. இதற்கு அண்ணன் கேட்டது:

> 'அறியா' மட்டும் என்ன, அதுவும் இல்லாததைத்தானே சொல்கிறது? 'கல்லாத' கூடாது, இது மட்டும் கூடுமா?

நியாயமான கேள்வி அண்ணே. ஆனால் வாடா மலர், அழியாப் புகழ் என்றெல்லாம் எதிர்மறைப் பெயரெச்சத்தாலேயே புகழ்வது நம் பழக்கம். குறுந்தொகை 156ஆம் பாட்டில் பார்ப்பன மகனிடம் 'எழுதாக் கற்பின் நின் சொல்' என்று வருகிறது. பேசுகிறவன் காதல் நோயில் சலித்துப்போய்ப் பேசுகிறான், அது வேறு. ஏட்டில் எழுதாமல் வாய்வழி கற்பதைக் 'கற்பு' என்றே சொல்ல அன்றே தயங்கவில்லை, எனக்கு அது போதும்.

ஹதீஸிலும் (நபிமொழியிலும்) வைத்துப் பார்த்தேன். "நாம் உம்மி சமுதாயம், எழுதுவதும் இல்லை, கணக்கிடுவதும் இல்லை" என்று சொல்லி, மாதத்துக்கு 29 அல்லது 30 நாள் என்பதை நபியவர்கள் விரல்களாலேயே காட்டிய செய்தி புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. 'நாம் ஏடறியாச் சமுதாயம்' என்று போட்டால் வாக்கியம் நொண்டவில்லை. பன்மைக்கு 'ஏடறியார்' வைத்துக்கொள்ளலாம்.

இடிப்பது பண்புப்பெயரில்தான். 'ஏடறியாமை' என்றதும் உள்ளே 'அறியாமை' வந்து உட்கார்ந்துகொள்கிறது! நேற்று ராத்திரி முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். இப்போதைக்கு 'ஏடறியா நிலை' என்று எழுதியிருக்கிறேன், கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கிறது. முதல் இடத்தில் 'ஏடறியா நபி (உம்மி)' என்று அடைப்புக்குறியோடு போட்டு, அப்புறம் தமிழை மட்டும் வைக்கிறேன். மலர் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அந்த 'நிலை'க்கு நல்ல மாற்று யாருக்காவது தோன்றினால் புதனுக்குள் சொல்லுங்கள்.