பசலைன்னு நட்ட கொடில கிழங்கு தொங்குது, வேலி வேற சாயுது, உதவி ப்ளீஸ் (டர்பன், தென்னாப்பிரிக்கா)

நெல்லைக்காரன்:
வணக்கம் மக்களே. சாட்ஸ்வொர்த்ல வாடகை வீடு. பின்னாடி தெக்குப் பக்கமும் கிழக்குப் பக்கமும் ஆறடி கம்பி வலை வேலி, ரெண்டும் சேத்து ஒரு 20 மீட்டர் வரும். அடுத்த வீட்டு நாய் துணி காயப்போட நம்ம தலை தெரிஞ்சாலே போதும், வேலில ஏறிக்கிட்டு குலைக்கும். சரி கொடி படர விட்டு மறைச்சிரலாம்னு பாத்தேன். தெருவுல ஒருத்தர் வேலில பசலை கெடந்துச்சு, ஒரு துண்டு கேட்டு வாங்கி கிழக்கால நட்டேன். ஒரே கோடைல வேலி முழுக்க ஏறிருச்சு, சந்தோசமாத்தான் இருந்துச்சு. இப்ப பாத்தா தண்டுல கணுவுக்குக் கணு கட்டி கட்டியா காய்வள்ளிக்கிழங்கு மாதிரி தொங்குது, மேல் கம்பி வளைஞ்சு போச்சு. தெக்கால ஊர்லேர்ந்து ஆசையா கேட்டு வாங்குன முல்லை வெச்சேன், அது ஒரு மொட்டு வைக்கல. ரெண்டுக்கும் வழி சொல்லுங்க. வேற என்ன கொடி வைக்கலாம்?

கடலோரம்:
காகிதப்பூ வைங்க ப்ரோ, உப்புக்காத்து வெயில் எதையும் தாங்கும்.

மண்வெட்டி அக்கா:
காகிதப்பூ தானா சுத்தி ஏறாது, கட்டிக்கிட்டே இருக்கணும், முள்ளு வேற. அது கெடக்கட்டும். தம்பி, மொதல்ல அந்தப் பசலை. போன மாசம் பூத்துச்சா? பூ எப்படி இருந்துச்சு?

நெல்லைக்காரன்:
ஆமாக்கா, வெள்ளையா சின்னச் சின்னதா, வால் மாதிரி நீளமா தொங்குச்சு. நல்ல வாசம். பழம் ஒண்ணும் வரல.

மண்வெட்டி அக்கா:
அப்ப அது பசலை இல்ல. நம்ம பசலைக்கு வாசமே கிடையாது, கருநீலப் பழம் வரும், சின்ன வயசுல நசுக்கி கையில மை பூசிக்குவோமே அது. தண்டுல கிழங்கும் கட்டாது. உங்க வீட்டுல இருக்கறது மடெய்ரா வைன் (vine), தென் அமெரிக்காக் கொடி, பசலையோட சொந்தக்காரங்கறதால இலை அச்சு அசலா அப்படியே இருக்கும், நானே ஒரு தடவ ஏமாந்திருக்கேன். இங்க அது சட்டப்படி 1பி வகைக் களை. நடக்கூடாது, விக்கக்கூடாது, அடுத்தவங்களுக்குக் குடுக்கவும் கூடாது, இருந்தா கட்டுப்படுத்தியே ஆகணும். பாரத்துலயே மரத்த சாச்சிரும், உங்க கம்பி எம்மாத்திரம்.

நெல்லைக்காரன்:
ஐயய்யோ. அக்கா நாங்க அதுல ரெண்டு தடவ பருப்பு போட்டுக் கூட்டு வெச்சு சாப்ட்டுட்டோமே!!

மண்வெட்டி அக்கா:
😂 பயப்படாதீங்க, தைவான்ல அத கீரையாவே சமைக்கிறாங்க. கூட்டு பிரச்சனையில்ல, கிழங்குதான் பிரச்சனை. தொட்டாலே பொலபொலன்னு கொட்டும், கொட்டுன ஒவ்வொண்ணும் மொளைக்கும். அதனால சரட்டுன்னு கொடியப் பிடிச்சு இழுத்துராதீங்க. கீழ பழைய பெட்ஷீட் விரிச்சு, மேலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா வெட்டி அதுலயே விழ விடுங்க. மண்ணுக்குள்ள பெரிய கிழங்கு இருக்கும், தோண்டி எடுங்க. எல்லாத்தையும் ரெட்டைப் பையில கட்டிருங்க, உரக்குழில மட்டும் போட்டுராதீங்க. அப்புறம் ஒரு ரெண்டு வருசம் மழை பெஞ்சா போயி பாக்கணும், துளிர் விட்டிருக்கும்.

பீனிக்ஸ்வாசி:
முல்லைக்கு நான் சொல்றேன். நீங்க ஊர் கணக்குல தெக்கால வெயில்னு வெச்சிருக்கீங்க. இங்க நாம பூமத்திய ரேகைக்கு 30 பாகை தெக்க இருக்கோம் சார், குளிர்காலத்துல சூரியன் வடக்கு வானத்துல தாழ்வாப் போகும், வீட்டோட நிழல் முழுக்க உங்க தெக்கு வேலி மேலதான் விழும். நான் வந்த புதுசுல கறிவேப்பிலைக் கன்ன அப்படி வெச்சே கொன்னேன். முல்லைய கிழக்கு வேலிக்கு மாத்துங்க, மத்தியானத்துக்கு மேல நல்ல வெயில் கெடைக்கும்.

நெல்லைக்காரன்:
அட, இது தோணவே இல்ல! அப்ப தெக்கால என்ன வைக்க?

மண்வெட்டி அக்கா:
தெக்கு நிழலுக்கு இந்த ஊர்க் கொடியே இருக்கு, நர்சரில ஃபாரஸ்ட் கிரேப்னு கேளுங்க, காட்டுத் திராட்சை. வருசம் பூரா பச்சையா இருக்கும். கிழக்கால சங்குப்பூவும் அவரையும் செப்டம்பர்ல வெதைங்க, கோடைக்குள்ள மூடிரும், அவரைக்காய் பொரியலுக்கும் ஆச்சு. கூடவே நிரந்தரமா ஸ்டாரி வைல்ட் ஜாஸ்மின் ஒண்ணு, இதுவும் இந்த மண்ணு மல்லிகைதான், வாசம் தூக்கும். போர்ட் செயின்ட் ஜான்ஸ் கிரீப்பர் ரோஸ் பூவோட அழகா இருக்கும், ஆனா உங்க வலை தாங்காது. நீலமா தானா மொளைக்கிற மார்னிங் க்ளோரி வந்தா பிடுங்கிருங்க, அதுவும் களை லிஸ்ட்ல இருக்கு.

கடலோரம்:
செங்காந்தள்? நம்ம ஊர் மாநிலப் பூ, இங்கயும் காட்டுல தானாவே வருது.

மண்வெட்டி அக்கா:
வருது. ஆனா குளிர்ல காஞ்சு மண்ணுக்குள்ள போயிரும், நாய்க்கு மறைவு கெடைக்காது. கிழங்கு கடும் விஷம், நாய் தோண்டித் தின்னா அவ்ளோதான், குழந்தைங்க இருந்தா யோசிக்கவே வேணாம்.

நெல்லைக்காரன்:
அப்டேட்: சனிக்கிழமை முழுக்க வெட்டினோம். நாலு கருப்புப் பை நெறஞ்சிருச்சு, மண்ணுக்குள்ளேர்ந்து வந்த ஒரு கிழங்கு என் கை முட்டி சைஸ். வேலி இப்ப மொட்டையா நிக்குது, நாய்க்கு ஒரே கொண்டாட்டம். குடுத்தவர் வேலிலயும் இதே கொடிதான், அவர்ட்ட எப்படி சொல்றதுன்னுதான் தெரியல அக்கா, நேத்துகூட கீரை வேணுமான்னு கேட்டாரு.