மீன் கேட்டால் போட வேண்டியதுதானே: தீவனம் பற்றி ஒரு வாக்குவாதம்

கொளத்தூர் கப்பி:
தொட்டி மீனுக்கு ஒரு நாளைக்கு ஒரு வேளை, அதுவும் ஒரு சிட்டிகை தீவனம் என்று புதியவர்களுக்குப் பாடம் எடுப்பவர்களிடம் ஒரு கேள்வி. அப்படிப் போட்டு ஒரு கப்பி மீன் குஞ்சையாவது வால் விரியும்படி வளர்த்திருக்கிறீர்களா? நாங்கள் சிமெண்ட் தொட்டியில் குஞ்சுகளுக்கு நான்கு வேளை போடுகிறோம். முதலில் முட்டையிலிருந்து பொரிந்த ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய இறால் இனம், பிறகு பொடித்தீவனம். பட்டினி போட்ட மீனுக்கு நிறமும் வராது, உடம்பும் வராது. கண்ணாடியருகே வந்து வாயைத் திறந்தால் போடுங்கள், யோசிக்காதீர்கள்.

இரண்டடித் தொட்டி:
அண்ணா, உங்கள் சிமெண்ட் தொட்டியும் என் வரவேற்பறைத் தொட்டியும் ஒன்றா? இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்பு வரை நிரப்பினாலே சுமார் 56 லிட்டர்தான். மேலும், கண்ணாடியருகே வருவதெல்லாம் பசியும் அல்ல. கை நிழல் விழுந்தால் தீவனம் விழும் என்று அவை பழகிவிட்டன. வயிறு புடைக்கத் தின்ற மோலி மீன்கூட அடுத்த நிமிடமே என் விரலைத் துரத்துகிறது.

கொளத்தூர் கப்பி:
மிச்சம் விட்டால்தானே தண்ணீர் கெடும்? இரண்டு நிமிடத்தில் தின்று தீர்ப்பதை எத்தனை முறை போட்டால் என்ன, தம்பி?

இரண்டடித் தொட்டி:
தின்ற புரதம் எங்கே போகிறதாம்? பெரும்பகுதி செவுள் வழியாக அம்மோனியாவாகத் தண்ணீருக்கே திரும்புகிறது. ஒரு துகள்கூட அடியில் விழாவிட்டாலும் போட்ட அளவுக்கு அது ஏறத்தான் செய்யும். ஃபில்டர் பஞ்சில் இருக்கும் பாக்டீரியாக்கள்தான் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்ற வேண்டும். புதுத் தொட்டியில் அவை போதிய அளவு பெருகவே வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் நான்கு வேளை விருந்து வைத்தால் மீன் மேலே வந்து மூச்சு வாங்கும். கடைக்காரர் நோய் கொண்ட மீனைக் கொடுத்துவிட்டார் என்று திட்டுவோம். தண்ணீரில் காரத்தன்மை (pH) கூடுதலாக இருக்கும் வீடுகளில் இன்னும் மோசம். காரமும் வெப்பமும் கூடக் கூட அம்மோனியாவில் நச்சு வடிவத்தின் பங்கும் கூடும்.

ஃபைட்டர் பிரியை:
எத்தனை வேளை என்று மோதிக்கொள்கிறீர்களே, எந்த மீனுக்கு? கோல்டு ஃபிஷுக்கு இரைப்பையே கிடையாது. ஒரேயடியாகக் கொட்டுவதைவிடச் சிறுகச் சிறுகப் பிரித்துப் போடுவதுதான் அதற்கு நல்லது. வேகவைத்த பட்டாணியைத் தோலுரித்து, விரலால் நசுக்கிப் போட்டால் விரும்பித் தின்னும். ஃபைட்டர் மீன் பூச்சிகளையும் புழுக்களையும் தின்னும் இனம். அதற்கும் பட்டாணி போடுகிறவர்களை என்ன சொல்ல! சக்கர் மீன் பாடுதான் பாவம். மற்ற மீன்களின் கழிவைத் தின்றே வாழ்ந்துவிடும் என்று சொல்லி விற்கிறார்கள். இரவில் விளக்கை அணைத்தபின் ஒரு துண்டு வெள்ளரிக்காயைக் கல் கட்டி இறக்கிப் பாருங்கள், காலையில் தோல்தான் மிஞ்சும்.

கொளத்தூர் கப்பி:
ஃபைட்டருக்குப் புழுதான் வேண்டும் என்றால் உயிருள்ள டியூபிஃபெக்ஸ் போடச் சொல்லுங்கள், அம்மா. அதைப் போல உடம்பேற்றும் தீவனம் இன்னொன்று இல்லை.

ஃபைட்டர் பிரியை:
சாக்கடைச் சேற்றில் அள்ளிய புழுவையா? எத்தனை முறை அலசினாலும் அதன் குடலில் இருக்கும் கிருமி போகாது. உறையவைத்த ரத்தப்புழு கிடைக்கும்போது எதற்கு அந்த வம்பு?

மாடித் தோட்டம்:
செலவே இல்லாத வழி: மாடியில் ஒரு வாளித் தண்ணீர். கொசுப்புழு தானாக வரும்.

இரண்டடித் தொட்டி:
ஏடிஸ் கொசுவும் தானாகத்தான் வரும், ஐயா. டெங்குவைப் பரப்புவது அதுதான். முட்டையிலிருந்து கொசுவாகப் பத்து நாள் போதும். ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டால் உங்கள் தீவனம் தெருவையே கடிக்கும். அந்த யோசனையைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.

கொளத்தூர் கப்பி:
கொசு விஷயத்தில் தம்பி பக்கம்தான் நானும். வளர்ந்த மீன், சிறிய தொட்டி என்றால் இரண்டு வேளை வரை இறங்கி வருகிறேன். ஒரு வேளைக்கு வரமாட்டேன். குஞ்சுகளுக்கு நான்குதான்.

இரண்டடித் தொட்டி:
குஞ்சுகளைப் பற்றி எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் நான்கு வேளை என்று எழுதும்போது தினமும் எவ்வளவு தண்ணீர் மாற்றுகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கொளத்தூர் கப்பி:
மூன்றில் ஒரு பங்கு. இனி எழுதுகிறேன். புழுவை மட்டும் விடுவதாக இல்லை.